எந்தக் காடுங்க மாமா?

கும்பகோணத்தில் பிறந்த எனக்குக் காடு என்றால் மரம், பாறை, புலி. காங்கேயம் பக்கம் பெண் எடுத்த பிறகுதான் தெரிந்தது, கொங்கு நாட்டில் காடு என்றால் சோளம் விதைக்கிற மானாவாரி நிலம். கல்யாணமான புதிதில் மாமனார், "காட்டை ஒரு சுத்து சுத்திட்டு வந்துரலாம் வாங்க மாப்ள" என்றார். நானும் ஷூவை இறுக்கிக் கட்டி, தொப்பி போட்டு, அட்டை கடித்தால் வைக்க ஒரு பொட்டலம் உப்போடு கிளம்பினேன். இட்டேரி வழியாகக் கால் மணி நேரம் நடந்து போய்ச் சேர்ந்த இடத்தில் சோளத்தட்டும் நாலு எருமையும் நின்றன. அந்த உப்புப் பொட்டலத்தை மச்சினன் இன்றுவரை மறக்கவில்லை.

அதனால் போன மாதம் மாமனார், "உடுமலைக்கு அக்கட்டால ஒரு காடு இருக்குதுங்க, ஞாயித்துக்கெழம ஒரு எட்டு போய்ச் சுத்திட்டு வரலாமுங்களா?" என்றதும் நான் விவரமாக இருந்தேன். ஏதோ நிலம் விலைக்கு வருகிறது, பார்த்துப் பேசி முடிக்கப் போகிறார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் பேனா, காலில் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. மாமியார் தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறு கட்டிக் கொடுத்தார்.

உடுமலையைத் தாண்டினோம். தென்னந்தோப்புகள் போய்க்கொண்டே இருந்தன, மலை கிட்டே வந்துகொண்டே இருந்தது. அணை வந்தது. அப்புறம் அமணலிங்கேஸ்வரர் கோயில். திருமூர்த்தி மலை! "மேல பஞ்சலிங்க அருவி இருக்குதுங்க, ஒரு கிலோமீட்டர்தான்" என்று சொல்லிவிட்டு மாமா வேட்டியை மடித்துக் கட்டினார்.

ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் அதில் பாதி மேல்நோக்கி இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. ரப்பர் செருப்பு ஒவ்வொரு பாறையிலும் ஒரு தடவை பின்னால் போய் யோசித்துவிட்டுத்தான் முன்னால் வந்தது. எழுபதைத் தாண்டிய மனிதர் போசியை ஆட்டிக்கொண்டே முன்னால் போகிறார். வழியெல்லாம் உட்கார்ந்திருந்த குரங்குகள் அவரைத் தொந்தரவே செய்யவில்லை. என் சட்டைப்பையிலிருந்த பேனாதான் போயிற்று.

அருவி அருமை, அதில் குறை சொல்ல மாட்டேன். குருமலையாறு, கொட்டையாறு என்று மேலே மலைக்குள் ஓடுகிற சின்னச் சின்ன ஆறுகளெல்லாம் சேர்ந்து வந்து விழுகிற தண்ணீர். மாமா வாத்தியாரிடம் அடி வாங்கும் பையனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு அருவிக்குத் தலையைக் கொடுத்தார். நானும் குளித்துவிட்டு வந்து பாறைமேல் கழற்றி வைத்திருந்த செருப்பைக் காலால் துழாவினேன். வலது கால் செருப்பு நழுவித் தண்ணீரில் விழுந்து, பாறை இடுக்கில் நிதானமாக இரண்டு சுற்று சுற்றியது. குனிந்தேன். கைக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டது.

மாமாவுக்கு அதைவிடப் பெரிய வருத்தம் வேறு. அவர் எங்கே போனாலும் வந்த வழியே திரும்ப மாட்டார். "வந்த தடத்துலயே திரும்பறதுன்னா நம்ம வந்ததே தண்டமுங்க. தண்ணியோடயே எறங்குனா செருப்பும் சிக்கும், ஒரு சுத்தும் வந்துரும்" என்று ஓடையைப் பார்த்து இறங்க ஆரம்பித்தார். எங்கிருந்தோ விசில்.

"பெரியவரே, எங்க போறீங்க?" வனத்துறைக்காரர்.

"காட்டைச் சுத்திட்டு வரலாமுன்னுங்க."

"இது உங்க காடு இல்லீங்க, யானைக் காடு."

சரி, வந்த வழியே திரும்பினோம். நான் வெறுங்காலில் குதிப்பதைப் பார்த்துவிட்டு மாமா தன் தோல் செருப்பைக் கழற்றினார். எவ்வளவோ மறுத்தேன். "மாப்ள கால்ல முள்ளு குத்துனா எம்பொண்ணுக்கு நாந்தான் பதில் சொல்லோணும்." ஆறாம் நம்பர் செருப்பு, என் கால் ஒன்பது. பின்னங்கால் வெளியே தொங்க, அடிக்கு ஒரு தரம் கறுக்கு கறுக்கென்று சத்தம் போட, நான் மணப்பெண் மாதிரி இறங்கினேன். அவர் வெறுங்காலில் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்.

கோயிலுக்குக் கீழே விட்டதைப் பிடித்துவிட்டார். ஆற்றங்கரையோரமாகவே அணை வரை போய், ரோட்டு வழியாகக் கோயிலுக்குத் திரும்பி வந்தால் ஒரு சுத்து! பாலாறுதான் அது. வேலூர்ப் பாலாறு இல்லை, இது வேறு. குளிக்கிறவர், துணி அலசுகிறவர், சும்மா நிற்கிறவர் ஒருவரையும் மாமா விடவில்லை.

"ஏனுங்க, நீல வார் வெச்ச செருப்பு ஒண்ணு இந்தப் பக்கம் வந்துதுங்களா?"

"இல்லீங்களே. எப்பக் கெளம்புச்சுங்க?"

ஒருவர் இப்படிக்கூடக் கேட்டார், அதுவும் முகம் மாறாமல்.

அணைக்கரையில் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு மாமா பாடம் எடுத்தார். இந்த அணைக்கு இந்த ஆறு மட்டும் போதாது, சர்க்கார்பதியிலிருந்து 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாய் மலையைச் சுற்றிக்கொண்டு வந்து பரம்பிக்குளத்துத் தண்ணீரைச் சேர்க்கிறது. பாசனம் 3.77 லட்சம் ஏக்கர், அதை நாலு மண்டலமாகப் பிரித்து மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவார்கள். "நம்மூரு வாய்க்காத் தண்ணியும் இங்கிருந்துதானுங்க வருது" என்றவர், ஒரு வாய் சோற்றோடு நிறுத்திவிட்டு அணையையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ கணக்குப் போடுகிற முகம். நான் கவனித்திருக்க வேண்டும்.

ரோட்டு வழியாகத் திரும்பிக் கோயிலைத் தொட்டபோது மூன்று மணி. சுத்து முடிந்த திருப்தி அவருக்கு. ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நான் அதை அங்கேயே விடப் பார்த்தேன். அவர் விடவில்லை, வாங்கிக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டார்.

நேற்றுக் காலை ஆறரைக்கு போன்.

"மாப்ள, நம்ம மண்டலத்துக்குத் தண்ணி தெறந்துட்டாங்க. நித்தம் மதகுல போய்ப் பார்த்துட்டுத்தான் இருக்கறேன். உங்க செருப்பு இன்னும் வரலீங்க."

என்ன சொல்வதென்று தெரியாமல் "சரிங்க மாமா" என்றேன்.

"நம்முளுது கடைமடைங்களே. தண்ணியே முக்கி மொனகித்தானுங்க வருது."