பர்கூர் அணியும் யூரியாவும்

ஜூலை 8
தீவனப் போட்டிக்காக வகுப்பை நான்கு அணியாகப் பிரித்தாயிற்று, எல்லாம் மாட்டினப் பெயர்கள்: காங்கேயம், பர்கூர், உம்பளாச்சேரி, புலிக்குளம். காங்கேயம் பெயருக்கு அடிதடி.

ஜூலை 9
கண்ணைக் கட்டிக்கொண்டு தீவனம் கண்டுபிடிக்கும் சுற்று. எள்ளுப்புண்ணாக்கை எல்லோரும் பிடித்துவிட்டார்கள். அரிசித்தவிட்டில்தான் தகராறு. புதிதாக அரைத்தது ஒரு டப்பா, பழசு ஒரு டப்பா. கடைசி பெஞ்சுப் பெண் விரலில் எடுத்து முகர்ந்து, "சார், இது சிக்கு வாடை" என்றாள். அவள் வகுப்பில் வாய் திறந்து இன்றுதான் கேட்கிறேன். வீட்டில் மாடு இருக்கிறதோ என்னவோ.

ஜூலை 11
புது இடத்தில் சேர்வது பற்றிச் சென்னையிலிருந்து போன் இல்லை.

ஜூலை 15
கறவை மாட்டுக்கு அடர்தீவனம் (தானியமும் புண்ணாக்கும் கலந்தது), கச்சாப் புரதம் 20 சதவீதம், விலை குறைந்தால் வெற்றி. மூன்று அணிகள் பியர்சன் சதுரம் போட்டன, இரண்டு பொருளை எந்த விகிதத்தில் கலப்பது என்ற கணக்கு. புரதம் மக்காச்சோளத்தில் 9, கடலைப்புண்ணாக்கில் 42, நடுவில் வேண்டியது 20. குறுக்கே கழித்தால் மக்காச்சோளம் 22க்குப் புண்ணாக்கு 11, அதாவது இரண்டு பங்குக்கு ஒரு பங்கு. புண்ணாக்கு விலையைப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது.

பர்கூர் மட்டும் 2 சதவீதம் யூரியாவைப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. புரதம் பார்க்கும் ஆய்வக முறையான கெல்டால் அளப்பது நைட்ரஜனை மட்டும், அதை 6.25ஆல் பெருக்கித்தான் புரதம் என்கிறோம். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், பெருக்கினால் 287! தாளில் இவர்களை யாரும் தொட முடியாது.

"யூரியா கூடாதுன்னு விதியில எங்க சார் இருக்கு?"

இல்லைதான். யாராவது வந்து விழட்டும் என்றுதான் எழுதாமல் விட்டேன். உம்பளாச்சேரிக்காரன் ஒருவன் மேஜையைத் தட்டி எழுந்தான். "அடர்தீவனத்துல 1 சதவீதம்தான் சார் வரம்பு. மீறினா அம்மோனியா ரத்தத்துல ஏறி மாடு விழுந்துடும்." போன தேர்வில் இதே கேள்விக்கு வெறும் தாள் கொடுத்த ஆசாமி.

பர்கூருக்குப் பூஜ்யம். கேண்டீன்வரை சண்டை போனது.

ஜூலை 16
மழை. கடலைப்புண்ணாக்கு மூட்டை ஓரத்தில் பச்சைப் பூசணம். அந்தப் பூசணத்தின் நஞ்சான அஃப்ளாடாக்சின் பாலில்கூட இறங்கும், மூட்டையை ஒதுக்கச் சொன்னேன். இன்றும் போன் இல்லை. செமஸ்டர் முடியும்வரை விட்டால் போதும்.

ஜூலை 18
இரண்டு மாதக் கன்றுக்குத் தீவனம். பர்கூர் இம்முறை சரியாக 1 சதவீதம் யூரியா, வரம்புக்குள், படு பெருமை. தாளை நீட்டுவதற்குள் கடைசி பெஞ்சுப் பெண் பிடுங்கி யூரியாவை அடித்தாள். அவளும் பர்கூர்தான். "கன்னுக்குட்டிக்கு ரூமனே, அந்த முதல் வயிறே, இன்னும் சரியா வளரலடா. அங்க நுண்ணுயிரி இல்லாம யூரியாவ எது புரதமா மாத்தும்?"

நான் பேச ஒன்றும் மிச்சமில்லை.

ஜூலை 19
போன் வந்தது. திங்கட்கிழமையே சேர வேண்டுமாம். கடைசிச் சுற்றை நாளைக் காலை கொட்டகையில் வைத்துவிடுகிறேன். நான்கு தொட்டி, நான்கு கலவை; மாடு எதை மிச்சம் வைக்கிறது என்று பார்க்க வேண்டும். பர்கூருக்குத் தலைவி மாறியாயிற்று.