"எங்கேயும் போகும்" என்று தரும் காரும் மலையகத்து ரோட்டும்

"இது எங்கேயும் போகும் அண்ணே." மலையகத்துக்கு என்று வாடகைக் கார் கேட்டால் வருகிற முதல் பதில் இதுதான். கையில் தருவது டொயோட்டா அக்குவா என்ற ஹைபிரிட் கார். தரைக்கும் காரின் வயிற்றுக்கும் இடையில் 140 மில்லிமீற்றர். நாலு பேர் ஏறி டிக்கியில் பெட்டிகளும் வைத்தால் அதிலும் குறையும். திரும்பக் கொடுக்கும்போது அதே ஆள் டோர்ச் அடித்துக் கீழே குனிந்து பார்த்து, அண்டர் கவர் கிழிந்திருக்கிறது என்று டெபொசிட்டில் கை வைப்பார். எங்கேயும் போகும் என்ற பேச்சு அந்த நேரத்தில் எங்கே போய்விடுகிறதோ!

என்னைக் கேட்டால் மனுவல் கியர் ஆல்டோ 800. 160 மில்லிமீற்றர் உயரம், 700 கிலோவுக்குக் கிட்டத்தட்ட எடை, 12 அங்குலச் சில்லு. ஏற்றத்தில் இழுக்கவில்லை என்றால் ஏசியை நிறுத்துங்கள், நுவரெலியாவில் ஏசி எதற்கு? படத்தில் அழகாக விழாது. ஆனால் வாடகையும் குறைவு, பெற்றோலும் குறைவு, கானில் விழுந்தால் நாலு பேர் தூக்கி வைத்துவிடலாம். ஹைபிரிட் காரில் கடைசியாகச் சொன்னது நடக்காது.

பெரிய வீதிகளைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5, அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன் வழியாக வரும் ஏ7 இரண்டும் காபட் போட்டவை. இடிந்த இடங்களை மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்ததில் மலையக வீதிகள் பல இடங்களில் சரிந்தன. அதற்கு முன் எழுதிய பயணக் குறிப்பை வைத்து நேரக்கணக்குப் போடுவது வீண். கண்டியிலிருந்து நுவரெலியா 80 கி.மீ.கூட இல்லை, ஆனாலும் மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

ஏறுவது எளிது, இறங்குவதுதான் பாடு. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் விழுந்து 15 பேர். இரண்டுமே முடக்குக்கு மேல் முடக்கு வரும் மலைப்பாதை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கம்பளை வரை பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வந்தால் பேட் காய்ந்து கருகிய நாற்றம் அடிக்கும். அடுத்தது பிரேக் ஒயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சாமான். பழைய ஒயில் சூடானால் அந்த ஈரம் கொதித்து உள்ளே குமிழி கட்டும். பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது.

ஆகவே எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். றம்பொடைப் பக்கம் அது இரண்டாம் கியர்தான். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி வராமல், முடக்குக்கு முன் நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள், அந்த இடைவெளியில் அது ஆறும். ஓட்டோ கியர் என்றால் 'டி'யில் இறங்கக் கூடாது. வேகன் ஆரில் 'எல்' (L), அக்குவாவில் 'பி' (B, நிறுத்தும்போது போடும் P இல்லை). அக்குவா பாதி மலை இறங்கியதும் பற்றரி நிறைந்து, இஞ்சின் திடீரென்று உறுமத் தொடங்கும். பயந்து திரும்ப 'டி'க்கு மாற்றுகிறவர்கள் உண்டு. மாற்றாதீர்கள், காரைப் பிடித்து வைத்திருப்பது அந்த உறுமல்தான்.

நாற்றம் வந்தால் அகலமான இடம் பார்த்து அரை மணித்தியாலம் நிறுத்துங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகும். ஹாண்ட் பிரேக்கை இறுக்கி இழுக்காமல், கியரில் விட்டு சில்லுக்குக் கல் வையுங்கள். இந்த அரை மணித்தியாலத்தைத் தலவாக்கலை, கொட்டகலைப் பக்கம் ஒரு சின்னத் தமிழ்க் கடையில் வைத்துக்கொண்டால் வேறு எதுவும் வேண்டாம். தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த கனமான ரொட்டி, கல்லில் இருந்து நேராகத் தட்டுக்கு வரும். மேலே கட்டச்சம்பல், மாசி கொஞ்சம் தூக்கலாக. பக்கத்தில் இஞ்சி போட்ட பிளேன்டீ. எல்லவில் பலகையில் வெள்ளைக்காரச் சாப்பாட்டின் பெயர் எழுதி வைத்திருக்கும் கடையில் ஒருவர் சாப்பிடும் காசுக்கு இங்கே காரில் உள்ள எல்லோரும் சாப்பிடலாம். இரண்டாவது ரொட்டியைப் பருப்போடு கேளுங்கள்.

சரி, தோட்டத்துப் பாதை. கூகுள் மேப் இதில் பெரிய எதிரி. பத்து கி.மீ. மிச்சம் என்று தேயிலைக்குள் திருப்பிவிடும். முதலில் காபட், பிறகு இரண்டு சில்லுக்கு மட்டும் கொங்கிறீட் கீற்று, பிறகு வெறும் கல். அங்கே வழியில் நிற்பவரிடம் "கார் போகுமா?" என்று கேட்டால் "போகும்" என்றுதான் சொல்வார். அவர் மனதில் இருப்பது ஆட்டோவும் கொழுந்து ஏற்றும் டிராக்டரும். கேள்வியை மாற்றுங்கள்: "அண்ணே, இந்தப் பாதையில ஸ்கூல் வான் போகுதா?" வான் போனால் ஆல்டோவும் போகும். "ஸ்கூல் புள்ளைங்க இதுக்கு மேல நடந்துதான் வருவாங்க தம்பி" என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

கல் ரோட்டில் முதலாம் கியர், நடக்கிற வேகம். பெரிய கல்லை இரண்டு சில்லுக்கும் நடுவில் விடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை, அது நேராக இஞ்சினுக்கு அடியிலுள்ள ஒயில் சம்பில் இடிக்கும். ஒரு பக்கச் சில்லைக் கல்லின் மேல் ஏற்றுங்கள், வயிறு தப்பும். எதிரே டிராக்டர் வந்தால் ஏறி வருகிறவருக்கு வழி விடுவதுதான் வழக்கம். ஒதுங்கும்போது மலைப்பக்கக் கானைக் கவனியுங்கள், புல் மூடியிருக்கும். சில்லு இறங்கிவிட்டால் அக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள், முன்சில்லு சுற்றிச் சுற்றி இன்னும் குழி பறிக்கும். இறங்கி ஆள் கூப்பிடுங்கள். லயத்திலிருந்து பெடியன்கள் வந்து ஒரு நிமிசத்தில் தூக்கி வைப்பார்கள். காசு கேட்க மாட்டார்கள் என்பதற்காகக் கொடுக்காமல் வரக் கூடாது.

அண்டர் கவரின் கிளிப் கழன்று தொங்கினால் கேபிள் டை போட்டுக் கட்டிக்கொள்ளலாம், பத்து வாங்கி வையுங்கள். ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதென்ன தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே, லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சியிடம் வரை காரை வருத்தவே வேண்டாம். தொழிற்சாலையடியில் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடியுங்கள், அண்டர் கவர் விலையை விட மலிவு.

மழைக்கு ஒரு கணக்கு: மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஊற்றும். ஒக்டோபருக்குப் பிறகு ஜனவரி வரை பதுளை, பண்டாரவளை, மடுல்சீமைப் பக்கம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் தயாராக இருப்பது, சிவப்பு என்றால் அங்கிருக்கிற சனமே வெளியேற வேண்டும். செம்மஞ்சளிலேயே அந்தப் பாதையை விட்டுவிடுங்கள். மூடுபனியில் லைற்றை டிம்மில் போடுங்கள். எதிரே வரும் பஸ் லைற் அடித்தால் உங்களுக்கு வழி விடுவதாக நினைக்க வேண்டாம், "நான் வருகிறேன், நில்" என்று பொருள்.

காசு விசயம். பல இடங்களில் நாளுக்கு 100 கி.மீ.தான் தருவார்கள், மேலே போனால் கிலோமீற்றருக்கு அறவிடுவார்கள். மலையில் ஒரு நாளில் அவ்வளவு ஓட முடியாது. ஆனால் கட்டுநாயக்காவில் எடுத்துக் கண்டி போகும் முதல் நாளே அது முடிந்துவிடும். ஆகவே மொத்த நாட்களுக்கும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லிப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். டயர், கண்ணாடி, அடிப்பாகம் காப்புறுதியில் அடங்குமா என்பதையும் அதிலேயே பாருங்கள், பெரும்பாலும் அடங்காது. எங்காவது இடித்தால் காரை நகர்த்தாமல் காப்புறுதிக்காரருக்கு அழைப்பு எடுங்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

எடுக்கும்போது போனை பம்பருக்குக் கீழே நீட்டி முன்னும் பின்னும் வீடியோ. ஸ்பெயார் டயரில் காற்று இருக்கிறதா, ஜக் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். திரும்பக் கொடுக்குமுன் ஒரு சேர்விஸ் நிலையத்தில் அடிப்பாகத்தைக் கழுவி, அதே கோணத்தில் இன்னொரு வீடியோ. டோர்ச்சோடு குனிகிறவருக்குப் பக்கத்தில் நீங்களும் குனிந்து இரண்டையும் போட்டுக் காட்டுங்கள்.