அப்பாவுக்காகப் பழனிக்கு ஒரு நடை

தைப்பூசம் வந்தால் அப்பா ஒரு நாள் லீவு போடுவார். சிங்கப்பூரில் 1968 முதல் அது பொது விடுமுறை இல்லை. பெருமாள் கோயிலில் பால்குடம் எடுத்து, நாலு கிலோமீட்டர் நடந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணிக்குச் செலுத்துவார். மறுநாள் காலை கப்பல் பட்டறையில் நிற்பார். "ஒரு தடவையாவது குன்றக்குடியிலேருந்து பழனிக்கு நடந்துடணும்மா" என்று வருடா வருடம் சொல்வார். அதற்கு வேண்டிய லீவு அவருக்குக் கிடைக்கவே இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது முட்டி விடவில்லை. அப்புறம் அவரே இல்லை.

இந்த வருடம் அவருடைய துளசி மாலையை டேங்க் ரோட்டில் வைத்துப் போட்டுக்கொண்டேன். திருச்சியில் இறங்கியதும் தேவகோட்டை மாமா சேர்ந்துகொண்டார். 1859-இல் நம் டேங்க் ரோடு கோயிலை எழுப்பிய நகரத்தார்தான் இந்தப் பாதையிலும் தலைமுறை தலைமுறையாகக் காவடி கொண்டு போகிறார்கள். குன்றக்குடியில் அந்தக் காவடிகளைப் பார்த்ததும் சொந்தக் கோயிலுக்கு வந்துவிட்ட நிம்மதி.

சுமார் 150 கிலோமீட்டர். சிங்கப்பூரில் பழைய ரயில் பாதையின் 24 கிலோமீட்டரையும் இரண்டு முறை நடந்து பழகியிருந்தேன். ஆனால் அது ஷூ போட்ட கால். வெறுங்காலில் சிங்கம்புணரி தாண்டுவதற்குள் இரண்டு பாதமும் கொப்புளம். தங்குவதற்கு ஒரு நாள் சத்திரம், ஒரு நாள் கல்யாண மண்டபம், ஒரு நாள் பள்ளிக்கூட வராண்டா. பாயை விரித்தால் தலைமாட்டில் யாரோ ஒருவரின் கால் இருக்கும். நூறு பேருக்கு இரண்டு குளியலறை, அதனால் இரவு இரண்டு மணிக்கே வாளியோடு வரிசை. சாப்பாட்டுக்கு மட்டும் குறையே இல்லை. வழியெல்லாம் பந்தல், சுக்குக் காப்பி, சுடச்சுடப் பொங்கல்.

நத்தம் தாண்டி, கோபால்பட்டிக்கு முன்னால் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கவே முடியவில்லை. "வேன்ல ஏறிக்கிறியாம்மா?" என்று மாமா மெதுவாகக் கேட்டார். அழுகை வந்துவிட்டது. எதிர் வீட்டிலிருந்து ஒரு பாட்டி வெந்நீர்ச் சட்டியோடு வந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பதறிப்போய் இழுத்தேன்.

"சும்மா இரு தாயீ. முருகனுக்கு நடக்குற காலு. எந்த ஊரு?"

"சிங்கப்பூர் பாட்டி. அப்பாவோட வேண்டுதல்."

"அப்ப இது உங்கப்பன் காலு" என்று சொல்லி மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துத் தடவினார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "எனக்கும் சேத்து ஒரு அரோகரா போடு, போதும்."

அந்தக் காலோடுதான் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் எல்லாம் கடந்தேன்.

பழனி அடிவாரத்தில் மனசு நொந்தது. பேச்சை வைத்தே வெளிநாடு என்று கண்டுபிடித்து, "அரை மணி நேரத்துல சாமி பாக்கலாம்" என்று ஆள் மாற்றி ஆள் துரத்தினார்கள். ஒரு விடுதியில் ஓர் இரவுக்கு மூன்று மடங்கு வாடகை கேட்டார்கள். விரதம் இருந்து நடந்து வருகிறவர்களிடம் இப்படிச் செய்ய எப்படி மனம் வருகிறதோ! 693 படியையும் சுவரைப் பிடித்தபடி ஏறி, ஏழு மணி நேரம் தர்ம தரிசன வரிசையில் நின்றோம்.

எங்கள் வீட்டுப் பூஜை அறைப் படத்தில் இருப்பவர் ஆண்டிக் கோல முருகன். அப்பா கும்பிட்டதும் அவரைத்தான். அதே கோலத்தைத்தான் மனத்தில் வைத்துப் போனேன். உள்ளே போனது சாயரட்சை நேரம். கிரீடமும் பட்டும் மாலையுமாக ராஜாவாக நின்றார். அம்மாவின் சர்க்கரை, மகனின் ஓ லெவல் தேர்வு என்று கேட்கச் சேர்த்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "அப்பா வந்திருக்கார் முருகா" என்று மட்டும் சொன்னேன். "நகருங்க, நகருங்க" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். பார்த்தது மூன்று விநாடிதான். இதை எழுதும்போதும் கண் நிறைகிறது. பாட்டிக்கு ஒரு அரோகரா வெளியே வந்து உரக்கப் போட்டேன்.

ஈசூன் வீட்டுக்கு வந்து அம்மா நெற்றியில் பழனி விபூதி பூசினேன். அம்மா என் பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்கப்பா கால் வலிக்குதுன்னு சொன்னாரா?"

"சொல்லவே இல்லம்மா" என்றேன்.