யார் சொன்னது?

கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். என் மேஜைக்கு வருவது பெரும்பாலும் சி.எம்.ஏ. டேட்டாதான், அதாவது வங்கிக் கடனுக்காகக் கொடுக்கிற கணக்கு. லோன் கேட்டு வங்கிக்குப் போகிற மில்லோ, பவுண்டரியோ, பம்ப் கம்பெனியோ, போன வருடங்களின் கணக்கோடு இனி வரப்போகிற ஐந்து, ஏழு வருடக் கணக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். போனது டேலி என்கிற கணக்கு மென்பொருளில் இருக்கும். வரப்போவதை எக்செலில் நான் போட்டுக் கொடுப்பேன். ஜோசியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று என் மாமனார் கேட்பார். ஜோசியர் ஃபார்முலாவைக் காட்ட மாட்டார் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

2021 அக்டோபரில் ஒரு சின்ன நூற்பாலைக்கு இப்படி வரப்போகிற கணக்கு போட்டேன். மாடல் என்போம். மாதம் 300 கண்டி பஞ்சு ஓடுகிற மில். ஒரு கண்டி 356 கிலோ. கண்டி விலை 60,000 ரூபாய் என்று வைத்தேன். கிலோவுக்கு 168 ரூபாய் 50 காசு. கழிவு போக 86 சதவீதம் நூலாகும் என்று எடுத்தால், ஒரு கிலோ நூலில் பஞ்சு மட்டும் 196 ரூபாய். அதற்கு மேல் கரண்ட், கூலி, வட்டி, பேக்கிங். இத்தனைக்கும் வேர் பஞ்சு விலை இருக்கிற அந்த ஒரு எக்செல் கட்டம், அந்த ஒரு செல்தான். அதை மாற்றினால் ஏழு வருட லாபமும் கூடவே மாறும். முதல் தடவை பார்க்கிற முதலாளிகள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

தனிக் கணினியில் இந்த வித்தை 1979இல் வந்த விசிகால்க் என்ற மென்பொருளோடு தொடங்கியது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லினுக்கு இந்த யோசனை வகுப்பில் தோன்றியது. கரும்பலகையில் ஒரு எண் தப்பானால் அதைத் தொட்ட எல்லா எண்ணையும் அழித்து எழுத வேண்டியிருந்ததைப் பார்த்தாராம். பாப் ஃபிராங்ஸ்டன் நிரலாக எழுதிக் கொடுத்தார். நாற்பது வருடம் கழித்து நான் அதே யோசனையை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

2022 மே மாதம் பஞ்சு கண்டி ஒரு லட்சத்தைத் தாண்டியது. மில் முதலாளி போன் செய்தார்.

"தம்பி, அந்தக் கணக்குல ஒரு லட்சம்னு போட்டுப் பாருங்க. சி.சி. லிமிட் பத்துமாங்க?"

சி.சி. லிமிட் என்றால் அன்றாட ஓட்டத்துக்கு வங்கி எடுக்க விடுகிற கடனின் உச்சவரம்பு. போட்டேன். லாபம் படுத்தது. நூல் விலையும் ஏறியிருக்கிறதே என்று அதையும் ஏற்றினேன், எழுந்துகொண்டது. வரவேண்டிய பாக்கி கொஞ்சம் கூடியது, ஆனால் லிமிட்டுக்குள் அடங்கியது. ஏழு வருடமும் பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் டேலி.

"பத்துங்க" என்றேன்.

"அதெப்படீங்க? குடோன்ல ரெண்டு மாசப் பஞ்சு வச்சிருக்கோணும். 600 கண்டி. போன தீபாவளிக்கு அது மூணு கோடியே அறுபது லட்சம். இப்ப ஆறு கோடி. நடுவுல ரெண்டு கோடியே நாப்பது லட்சம் உங்க கணக்குல எங்கிருந்து வருது?"

ஸ்டாக் செல்லைக் கிளிக் செய்தேன். ஃபார்முலா இல்லை. 3,60,00,000 என்று கையால் அடித்த எண் இருந்தது. வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்று அக்டோபரில் யாரோ ஃபார்முலாவின் மேலேயே தட்டியிருக்கிறார்கள். ஆர்ட்டிகிள் பையனாக, அதாவது ஆடிட்டருக்குப் படிக்கிற பயிற்சிப் பையனாக இருக்கலாம், அவன் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தான். நானாகவும் இருக்கலாம்.

சரி, அப்புறம் எப்படி டேலி ஆனது? கேஷைக் கடைசியில் ஒட்டுப் போட்டிருந்தேன். மொத்தக் கடன், மூலதனத்திலிருந்து மற்ற சொத்துகளைக் கழித்து, மிச்சத்தை அப்படியே கேஷ் என்று வைத்துவிட்டால் எந்தக் குப்பையைப் போட்டாலும் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகும். கேஷ் அதன் வழியில், பணம் வந்தது போனதைக் காட்டுகிற கேஷ் ஃப்ளோவிலிருந்து வர வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் தனி வரியில் பூஜ்யமாக நிற்க வேண்டும். அப்படிப் போட்டால் முதல் நாள் டேலி ஆகாது, இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடலுக்குச் சோம்பித்தான் ஒட்டுப் போட்டேன்.

பெரிய இடத்திலும் இது நடக்கிறது. அரசாங்கக் கடனுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள உறவு பற்றி பொருளாதார நிபுணர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் எழுதிய ஆய்வில், சராசரி எடுக்கும் ஃபார்முலா 20 நாடுகளில் ஐந்தை விட்டுவிட்டிருந்தது. வரிசையைக் கடைசிவரை இழுக்காததுதான் காரணம். 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அதைக் கண்டுபிடித்தார். அவர் கேட்டதும் அவர்கள் எக்செல் கோப்பை அனுப்பி வைத்திருக்கிறார்கள். அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எங்கள் தொழிலில் பி.டி.எஃப். மட்டும்தான் அனுப்புவோம்.

அந்த மே மாதத்துக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கையால் தட்டுகிற எண்கள் எல்லாம் ஒரே ஷீட்டில், நீல எழுத்தில். அது எல்லோரும் செய்வதுதான். நான் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை சேர்த்தேன். அதன் தலைப்பு 'யார் சொன்னது'. கரண்ட் செலவுக்கு எதிரே 'மார்ச் பில்' என்று இருக்கும். கழிவு 14 சதவீதத்துக்கு எதிரே 'மில் மேனேஜர், போனில்'. இதை நிரப்ப ஆரம்பித்த பிறகுதான் மாடலில் எந்த எண் எவ்வளவு ஆட்டம் என்று எனக்கே தெரிந்தது. ஒரு பனியன் கம்பெனிக்காரர் பாக்கி 45 நாளில் வசூலாகிவிடும் என்றார். லெட்ஜரை எடுத்துக் கூட்டினால் 71 நாள் வந்தது. இரண்டையும் எழுதி அவரிடமே காட்டினேன். "லெட்ஜர் சொல்றதையே போட்டுருங்க, என்ன பண்றது" என்றார்.

ஆனால் எல்லா வரியும் அப்படி நேர்மையாக நிரம்புவதில்லை. டி.எஸ்.சி.ஆர். என்று ஒரு விகிதம். கடன் தவணையையும் வட்டியையும் கட்ட, சம்பாத்தியம் எத்தனை மடங்கு இருக்கிறது என்று காட்டும். சராசரி ஒன்றரைக்குப் பக்கத்தில் வந்தால் வங்கியில் பேச்சு சுமுகமாகப் போகும். போன மாதம் ஒரு ஃபைலில் 1.38 வந்தது. எங்கள் ஆடிட்டர் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் பாருப்பா" என்றார். இந்தத் தொழிலில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். வேண்டிய விடையைச் சொன்னால் அதற்கான எண்ணைத் தேடித் தருகிற எக்செலின் கோல் சீக்கைத் திறந்தேன், 1.5 வர இயந்திர உபயோகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டேன். 92 சதவீதம் என்றது. 85 இருந்த இடத்தில் 92 உட்கார்ந்தது.

பக்கத்து செல் காலியாக இருந்தது. மேனேஜர் சொல்லவில்லை, முதலாளியும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'டி.எஸ்.சி.ஆர். சொன்னது' என்று தட்டினேன். ஆடிட்டர் அதைப் படித்துச் சிரித்தார். "அந்த வரிசைய எடுத்துட்டு பிரிண்ட் போடு" என்றார்.

எடுத்துவிட்டுத்தான் போட்டேன். என் காப்பியில் இருக்கிறது.