குறைவது எது?

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் வேலையில் என் நேரத்தின் பெரும்பகுதி கட்டுரைத்தாள் திருத்துவதில்தான் போகிறது. வருபவர்கள் பள்ளியில் இலக்கணம் படித்தவர்களே. பகுபத உறுப்பிலக்கணம் கேட்டால் பகுதி, விகுதி, சந்தி என்று மளமளவெனப் பிரித்து எழுதிவிடுவார்கள். அதே மாணவர் தன் கருத்தை ஒரு பக்கத்துக்கு எழுத உட்கார்ந்தால், "மாணவர்களின் வாசிப்புப் பழக்கம் குறைந்து வருகின்றனர்" என்று எழுதுகிறார்.

"வருகின்றனர்" என்பதை அடித்துவிட்டு மேலே "வருகிறது" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுப்பது எளிது. அதனால் பயன் ஏற்பட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த தாளில் "ஆறுகளின் நீர்மட்டம் உயர்ந்தன" என்று அதே பிழை வேறு உருவில் வந்து நிற்கும். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. எழுவாயில் தொடங்கிப் பயனிலைக்குப் போய்ச் சேர்வதற்குள் எழுதுபவரின் மனத்தில் "மாணவர்கள்", "ஆறுகள்" என்ற பன்மை தங்கிவிடுகிறது. அதனால் வினையும் பன்மையாகிவிடுகிறது. எனவே எழுதியவர் யாரென்று சொல்லாமல் அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, "குறைவது எது?" என்று மட்டும் கேட்பேன். "பழக்கம்" என்று வகுப்பே சொல்லும். "பழக்கம் வருகின்றனரா?" என்று நான் கேட்பதற்கு முன்பே யாராவது திருத்திவிடுவார்கள். பிறகு அவர்கள் தம் வாக்கியத்தைத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வியாக அது மாறுகிறது. உயர்ந்தது எது? தவித்தவர் யார்? எழுவாய் பற்றிய வரையறையை மனப்பாடம் செய்தவருக்கும் இந்தக் கேள்வி புதிதாகத்தான் இருக்கிறது.

பிழைகளைக் கவனக்குறைவு என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. பெரும்பாலான பிழைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டினால் மாணவர் அந்த இடத்தில் மறுமுறை தடுமாறுவது குறைகிறது. "மரங்கள் வெட்டப்பட்டது" என்று எழுதுகிறார்கள். பேச்சில் "மாடு வந்துச்சு" என்கிறோம், "மாடுங்க வந்துச்சு" என்றும் சொல்கிறோம். அஃறிணையில் ஒருமைக்கும் பன்மைக்கும் பேச்சுத்தமிழ் ஒரே வினைமுற்றைப் பயன்படுத்துகிறது. எழுத்துத்தமிழ் "வந்தது", "வந்தன" என்று பிரிக்கிறது. வாய்க்குப் பழகாத வேறுபாடு கைக்கு எப்படி வரும்? "முயற்ச்சி", "பயிற்ச்சி" என்று எழுதுவதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. வளர்ச்சி, உணர்ச்சி, மலர்ச்சி எல்லாவற்றிலும் 'ர்' அடுத்து 'ச்' வருகிறது. அதே ஓசைதானே என்று றகரத்துக்கும் அதைக் கொண்டுபோகிறார்கள். 'ற்' அடுத்து இன்னொரு மெய்யெழுத்து வராது என்று சொல்லி, இரு வகைச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். தாங்கள் ஒரு ஒழுங்கைப் பின்பற்றித்தான் தவறினோம் என்று தெரியும்போது அவர்கள் முகத்தில் தெரியும் தெளிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் மிகுவதில் நேரும் ஒற்றுப்பிழை பெரிய கடல். எல்லா விதியையும் ஒரே வாரத்தில் கொட்டினால், எங்கும் ஒற்றைப் போட்டுத் தள்ளுவார்கள். "என்றுக் கூறினார்", "வந்துப் போனார்" என்பவை அப்படிப் பிறந்தவைதாம். நான் முதலில் இரண்டே இடங்களில் நிற்பேன். ஒன்று, ஐ, கு என்ற வேற்றுமை உருபுகள் வெளிப்படையாக வரும் இடம்: பாடத்தைப் படித்தாள், கல்லூரிக்குப் போனாள். மற்றொன்று வினையெச்சம். எழுதிக் கொடுத்தாள், படித்துப் பார்த்தாள், கேட்டுத் தெரிந்துகொண்டாள் என்பவற்றில் ஒற்று மிகும். வந்து போனாள், செய்து பார்த்தாள், கண்டு பேசினாள் என்பவற்றில் மிகாது. வல்லின, மெல்லின, இடையின மெய்யை அடுத்து வருவதை வைத்து வன்தொடர், மென்தொடர், இடைத்தொடர் என்று பள்ளியில் படித்த குற்றியலுகரம், அதாவது சொல்லின் இறுதியில் குறுகி ஒலிக்கும் உகரம், எதற்கு என்று அப்போதுதான் பலருக்குப் புரிகிறது. பொருள் மாறும் இடங்களைப் பிறகு காட்டுவேன். நடுகல் என்றால் வீரனுக்கு நட்ட கல், நடுக்கல் என்றால் நடுவில் உள்ள கல். முதலாண்டுத் தாளில் ஒவ்வோர் ஒற்றுக்கும் மதிப்பெண் குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கருத்தைக் கோவையாகச் சொன்ன மாணவர், ஒற்றுக்குப் பயந்து அடுத்த கட்டுரையைப் பாதியாகச் சுருக்கிவிடுகிறார்.

கட்டுரை என்று வரும்போது இலக்கணத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டம் மாணவர்களிடம் தயாராக இருக்கிறது. அதில் வைக்கத் தம் கருத்து என்று ஒன்று இல்லை, அல்லது இருப்பதை எழுதலாமா என்ற தயக்கம் இருக்கிறது. "இன்றைய நவீன உலகில் கல்வியானது இன்றியமையாத ஒன்றாகும்" என்று தொடங்கும் தாள்கள் கட்டுக்கட்டாக வரும். அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. யாரும் மறுக்கமாட்டார்கள் என்பதால்தான் அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனா நின்றுவிடுகிறது.

இதற்கு நன்னூல் கைகொடுக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அந்த இலக்கண நூலின் பாயிரம் என்னும் முன்னுரைப் பகுதியில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள் வருகின்றன. ஓரத்தில் குறியிட அவற்றைவிடப் பொருத்தமான சொற்கள் எனக்குக் கிடைக்கவில்லை. தண்ணீர்ப் பற்றாக்குறை பற்றி எழுதச் சொன்னால் தண்ணீரின் பெருமையை ஒரு பக்கம் எழுதுவது மற்றொன்று விரித்தல். காரணமோ சான்றோ தராமல் முடிவை மட்டும் சொல்வது குன்றக் கூறல். முதல் பத்தி அழகாக அமைந்து, மூன்றாம் பத்தி இரண்டு வரியாகி, முடிவுரை ஒரு வரியில் ஓய்வது சென்று தேய்ந்து இறுதல். "தேய்ந்திருக்கிறது" என்று ஓரத்தில் எழுதினால் எங்கே என்று மாணவரே கண்டுபிடித்துவிடுகிறார். இவற்றைத் தேர்வுக்கான பட்டியலாக ஒப்பிக்க வைப்பது வீண். தன் தாளில் ஒரு குற்றத்தைக் கண்டவருக்கு அதன் பெயர் மறக்காது.

கணிதத் துறை மாணவி ஒருவர் கட்டுரை வராது என்று உறுதியாகச் சொன்னார். தேற்றத்துக்கான நிறுவலை எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டேன். "கொடுத்திருப்பதை முதலில் எழுதுவேன் ஐயா. அதிலிருந்து என்ன கிடைக்கிறது என்று ஒவ்வொரு படியாகப் போவேன். நடுவில் ஒரு படியை விடக்கூடாது" என்றார். அடுத்த கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் அப்படி எழுதச் சொன்னேன். உவமையும் மேற்கோளும் இல்லாத பத்தி. ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்திலிருந்து பிறந்தது. "ஆகவே", "ஆனால்", "ஏனெனில்" மூன்றும் வேண்டிய இடத்தில் மட்டும் வந்தன. இணைப்புச் சொல் எதற்கு என்று விளக்க நான் அந்தப் பத்தியைத்தான் பல வகுப்புகளில் காட்டியிருக்கிறேன்.

நீண்ட வாக்கியத்தை உடைப்பது இதன் தொடர்ச்சி. "அரசு திட்டத்தை அறிவித்து, மக்கள் வரிசையில் நின்று, உதவி கிடைக்காமல், போராட்டம் நடந்தது" என்று எழுதுவார்கள். அறிவித்தவர், நின்றவர், நடந்தது எல்லாம் வேறு வேறு. அறிவித்து, நின்று போன்ற, செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் பெரும்பாலும் தன் வினைமுதலையே தொடர்ந்து கொண்டு முடிய வேண்டும்; அதாவது, எச்சத்தின் செயலைச் செய்தவரே கடைசி வினையையும் செய்ய வேண்டும். "அரசு திட்டத்தை அறிவித்தது. மக்கள் வரிசையில் நின்றார்கள். உதவி கிடைக்கவில்லை. அதனால் போராடினார்கள்." இப்படி உடைத்தால் குழந்தைத்தனமாக இருக்கிறது என்று தயங்குவார்கள். உரக்கப் படிக்கச் சொல்வேன். படித்தபின் உடைத்ததையே வைத்துக்கொள்வார்கள்.

தமிழில் சரளமாகப் பேசியும் எழுதிப் பழகாதவர்கள் சிலர் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள். வேறு பயிற்றுமொழியில் படித்தவர்கள். அவர்களைக் கட்டுரையில் தொடங்கவிடுவதில்லை. சொல்ல வந்ததைக் கைப்பேசியில் பேசச் செய்து, அதை அப்படியே எழுத்தில் கொண்டுவரச் சொல்வேன். "படிச்சுக்கிட்டு இருக்காங்க" என்பது முதலில் தாளில் இறங்கட்டும். அதைப் "படித்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று மாற்றுவது அடுத்த வேலை. பேச்சு வினையை எழுத்து வினையாக மாற்றும் பட்டியல் ஒன்றை அவர்களே நோட்டில் சேர்த்து வருவார்கள். முதல் பருவம் முடியும்போது அரைப்பக்கம் எழுதுகிறார்கள். ஒற்றும் ஒருமை பன்மையும் தவறும். ஆனால் அதற்குள் எல்லோருக்கும் வரும் பிழைகள்தாம் அவர்களுக்கும் வருகின்றன. அதன்பின் அவர்கள் வாக்கியங்களும் கரும்பலகைக்கு வருகின்றன.