பார்ட்டோக் எடுத்த கதையும் பார்ட்டோக்கிடமிருந்து எடுத்த கவிதையும்

இசையில் கடன் வாங்குவது என்றாலே மெட்டைத் தூக்கிக்கொண்டு போவது என்றுதான் பேச்சு வருகிறது. எந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் வீடியோக்கள் யூட்யூபில் கொட்டிக் கிடக்கின்றன. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்ட்டோக் விஷயத்தில் அந்த மாதிரித் தேடினால் பாதிதான் கிடைக்கும். அவர் வாங்கியதில் பெரிய பங்கு மெட்டே கிடையாது. அவரிடமிருந்து வாங்கிய கவிஞர்களும் அப்படித்தான்.

ஆரம்பத்தில் அவரும் மெட்டைத்தான் எடுத்தார். 1904இல் ஓர் ஊரில் தங்கியிருந்தபோது, லிடி டோஷா என்ற டிரான்சில்வேனியப் பெண், குழந்தை பார்த்துக்கொள்ள வந்தவள், சிவப்பு ஆப்பிள் சேற்றில் விழுந்ததைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினாள். அதுவரை ஹங்கேரிய இசை என்று ஊர் உலகம் நினைத்துக்கொண்டிருந்தது நகரத்துக் கிளப்புகளில் வாசித்த சங்கதி. இந்தப் பாட்டு வேறு மாதிரி இருந்தது. அடுத்த வருஷம் ஜோல்டான் கோடாய் என்ற இன்னொரு இசையமைப்பாளரின் நட்பு கிடைக்க, ஒலிப்பதிவு செய்யும் எடிசன் ஃபோனோகிராஃபும் அதற்கான மெழுகு உருளைகளும் தூக்கிக்கொண்டு இருவரும் கிராமம் கிராமமாகப் போனார்கள். 1906இல் இருபது பாட்டுகளைச் சேர்த்துப் புத்தகம் போட்டார்கள். அப்புறம் பார்ட்டோக் ஹங்கேரியோடு நிற்கவில்லை. ஸ்லோவாக்கியர், ருமேனியர், 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா, 1936இல் துருக்கி என்று போய்க்கொண்டே இருந்தார். முதல் உலகப் போர் முடிந்து டிரான்சில்வேனியா ருமேனியாவுக்குப் போன கசப்பு ஆறாத 1920இல், ருமேனியப் பாட்டைப் பற்றி எழுதினார் என்பதற்காகவே சொந்த நாட்டில் அவரை நாட்டுப்பற்று இல்லாதவர் என்று ஏசினார்கள். அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1930இல், ஒரு ருமேனியக் கதையை எடுத்துத் தன் ஆகப் பெரிய படைப்புகளில் ஒன்றை எழுதினார். இந்த மனுஷனை எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்கு இந்தப் பிடிவாதமும் ஒரு காரணம்.

குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்து கதை சொல்லும் அந்தப் படைப்பின் பெயர் கான்டாட்டா ப்ரோஃபானா. 1914இல் ருமேனியக் கிராமங்களில் அவர் பதிவு செய்த கொலிந்தா என்னும் மார்கழிக் காலப் பாட்டுகளில் உள்ள கதை அது. ஒரு கிழவனுக்கு ஒன்பது பிள்ளைகள். உழவோ விதைப்போ மாடு மேய்க்கவோ அவன் சொல்லிக்கொடுக்கவில்லை, காட்டில் திரிந்து வேட்டையாட மட்டும் பழக்கினான். பிள்ளைகள் போகிறார்கள், போகிறார்கள், ஒரு பாலத்தருகில் மாயமானின் குளம்படித் தடம் பார்க்கிறார்கள், அதைத் தொடர்ந்து போய் வழி தவறி ஒன்பது பேரும் கலைமான்களாகிவிடுகிறார்கள். அப்பன் தேடி வருகிறான். ஊற்றங்கரையில் மான்களைக் கண்டு, தன் மக்கள் என்று தெரியாமல், பெரிய மானுக்குக் குறி வைக்கிறான். மான் பேசுகிறது. எய்யாதே, எய்தால் உன்னைக் கொம்பில் குத்தித் தூக்கிப் பாறையில் அடித்துவிடுவோம் என்கிறது. அப்பன் கெஞ்சுகிறான்: அம்மா காத்திருக்கிறாள், விளக்கு ஏற்றியாகிவிட்டது, மேசையில் எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. மூத்த மான் சொல்லும் பதில்தான் கதையின் உயிர். எங்கள் கொம்பு உன் வீட்டு வாசலில் நுழையாது, எங்கள் உடம்பு இனிமேல் சட்டைக்குள் அடங்காது, எங்கள் கால் அடுப்புச் சாம்பலில் நிற்காது, எங்கள் வாய் கிண்ணத்தில் குடிக்காது, தெளிந்த ஊற்றில் மட்டும்தான் குடிக்கும்.

இதில் பார்ட்டோக் செய்ததைப் பாருங்கள். கதையைக் கடன் வாங்கினார், ஆனால் அந்தக் கொலிந்தாக்களின் மெட்டு ஒன்றைக்கூடத் தொடவில்லை. இரண்டு பெரிய குரல்குழுக்கள், மூத்த மானுக்கு டெனர் என்னும் உயர்ந்த ஆண்குரல், அப்பனுக்கு பாரிடோன் என்னும் அதைவிடத் தாழ்ந்த ஆண்குரல், இசை முழுக்க அவருடையது. தொடக்கத்தில் வாத்தியங்கள் மேலேறும் சுரவரிசையில் பஞ்சமம் தன் இடத்தில் நிற்காது, அரைச் சுரம் இறங்கிக் கிடக்கும், கேட்கும்போதே ஏதோ நடக்கப்போகிறது என்று தோன்றும். கடைசியில் டெனர் தனியாகப் பாடும்போது அந்த வரிசை வேறாகத் திரும்பியிருக்கும். நம் கர்நாடக இசைக் கணக்கில் சொன்னால் அது 64வது மேளகர்த்தா ராகம் வாசஸ்பதியின் சுரங்கள், அப்படியே. அவருக்கு வாசஸ்பதி தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, ருமேனிய, ஸ்லோவாக்கியக் கிராமத்துப் பாட்டிலேயே அந்த மாதிரிச் சுரங்கள் உண்டு.

அடுத்த ஆண்டு, 1931இல், ஒரு கட்டுரையில் நாட்டார் இசையை எடுத்துக்கொள்ளும் விதங்களைப் பற்றி அவரே எழுதினார். மெட்டை அப்படியே எடுத்துப் பின்னணி சேர்ப்பது ஒன்று, அதே மாதிரி ஒரு மெட்டைக் கட்டுவது இன்னொன்று. மூன்றாவதில் மெட்டும் இருக்காது, போலியும் இருக்காது, கிராமத்து இசை இசையமைப்பாளனுக்குத் தாய்மொழி மாதிரி ஆகியிருக்கும்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் காங்கேயம் பக்கத்து நோம்பிகளில், அதாவது கோயில் திருவிழாக்களில், உடுக்கையடித்துப் பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களின் அண்ணன்மார் கதையைப் பாடுகிறவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். பாட்டிலிருந்து வசனம், வசனத்திலிருந்து பாட்டு என்று இரவெல்லாம் போகும், பின்பாட்டுக்காரர் ஆமாம் போட்டுக்கொண்டே வருவார். ஒரு வயசான பாடகரிடம் இவ்வளவும் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "வரியெல்லாம் ஆரு தம்பி மனப்பாடம் பண்ணுனாங்க? உடுக்கையக் கையில எடுத்தா அதா வருமுங்க" என்றார். பார்ட்டோக்கின் மூன்றாவது வகை இவருக்குப் பிறப்பிலேயே இருக்கிறது. பார்ட்டோக் கிராமம் கிராமமாக அலைந்து சம்பாதித்தார்.

சரி, இலக்கியம். அட்டிலா யோஜெஃப் என்ற ஹங்கேரியக் கவிஞர், பார்ட்டோக்கின் கரடி ஆட்டம் என்ற சின்ன பியானோ உருப்படியின் பெயரிலேயே ஒரு கவிதை எழுதி, 1934இல் வந்த தொகுப்புக்கும் அதே பெயரை வைத்தார். பார்ட்டோக் நியூயார்க்கில் இறந்து பத்து வருஷமான 1955இல் ட்யூலா இல்யேஷ் என்ற இன்னொரு ஹங்கேரியக் கவிஞர் அவரைப் பற்றி எழுதிய கவிதை, அபசுரம் என்கிறீர்களா, ஆம், அபசுரம்தான் என்று சண்டைக்கு நிற்கிற கவிதை, அன்றைய ஹங்கேரிய அரசுக்கு ஆகவில்லை.

ஆனால் எனக்கு முக்கியம் அதே 1955இல் ஃபெரென்ட்ஸ் யூஹாஸ் என்ற ஹங்கேரியக் கவிஞர் எழுதிய மானாகிப் போன பிள்ளையின் நெடுங்கவிதை. இதில் அப்பன் இல்லை, தாய்தான் கூப்பிடுகிறாள். மகன் தூரத்திலிருந்து பதில் சொல்கிறான், என்னால் வர முடியாது அம்மா, வந்தால் என் கொம்பு உன்னைக் கிழித்துவிடும் என்று. அந்தக் கொம்பு வெறும் மான்கொம்பாகவும் இல்லை. அதன் முனைகள் இரும்புக் கம்பங்கள், கிளைகள் உயரழுத்த மின்கம்பிகள். சாவதற்கு மட்டும்தான் திரும்பி வருவேன் என்கிறான். கிராமம் பார்ட்டோக்குக்குக் கொடுத்ததை யூஹாஸ் வாங்கி, தொழிற்சாலைக் காலத்து மகனிடம் கொடுத்துவிட்டார். மேற்கோள் கிடையாது, மெட்டு கிடையாது, அடியில் ஓடுவது முழுக்க அந்தக் கொலிந்தா.

கொங்கு நாட்டில் பிறந்த யாருக்கும் இந்தக் கவிதை அந்நியமாக இருக்காது. மானாவாரிக் காட்டை விட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன பிள்ளைகள், தறிச் சத்தத்தில் காது மந்தமானவர்கள், வீட்டுக்கு வந்தும் வீட்டோடு ஒட்டாதவர்கள், எத்தனை பேரைச் சொல்ல. வேட்டைக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் கதையும் நம்மிடம் இருக்கிறது. அண்ணன்மார் கதையில் கொம்பன் என்ற காட்டுப்பன்றியைத் தேடிப் போகும் சங்கருக்கும் பொன்னருக்கும் அந்த வேட்டை நல்லபடியாக முடியவில்லை. கலைஞர் இந்தக் கதையை எடுத்துப் பொன்னர் சங்கர் என்று நாவலாக்கினார். அது பார்ட்டோக் சொன்ன முதல் வகை, அதற்கும் ஒரு இடம் உண்டு. மூன்றாவது வகைக்கு நம்மிடம் ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் இருக்கிறது, 1942இல் வந்தது. இந்த மண்ணின் பேச்சு அந்த நாவலில் மேற்கோளாக வரவில்லை, நடையே அதுதான். ஆனால் யூஹாஸ் எழுதியது போல, உடுக்கைப் பாட்டின் அடி ஓட்டத்தோடு, இன்றைய பனியன் கம்பெனி மகனைப் பற்றி ஒரு நெடுங்கவிதை நான் படித்த வரையில் இன்னும் வரவில்லை. வர வேண்டும். வந்தால் அது உலகத் தரத்தில் இருக்கும், சும்மா சொல்லவில்லை.

அதற்கு முதலில் பாட்டு கையில் இருக்க வேண்டும். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து அண்ணன்மார் கதையை டேப்பில் பிடித்தார், 1992இல் தமிழும் ஆங்கிலமுமாக அது அச்சிலும் வந்தது. அது ஒரு ஊரில், ஒரு காலத்தில் பாடியது. ஊருக்கு ஊர் பாட்டு மாறும், பாடகருக்குப் பாடகர் மாறும். பார்ட்டோக் ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர் பெயர், வயசு, ஊர், தேதி எழுதிவைத்தார், பாடகர் எங்கே இழுத்தார் என்பது வரை சுரக்குறிப்பில் போட்டார். அவரிடம் இருந்தது சில நிமிடத்தில் தீர்ந்துபோகும் மெழுகு உருளை. நம் கையில் இருக்கும் போன் விடிய விடியப் பதிவு செய்யும். உங்கள் ஊர் நோம்பியில் உடுக்கைக்காரர் உட்கார்ந்தால் பத்து நொடி ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு எழுந்து போகாமல், முழுசாகப் பதிவு செய்யுங்கள், பாடியவர் பெயரையும் ஊரையும் அவரிடமே கேட்டு எழுதிவையுங்கள்.