முதல் சுற்றுப் பறவையை விட்டுவைக்காதீர்கள்

'மேஜிக்: தி கேதரிங்' அட்டை விளையாட்டைப் புதிதாக ஆடுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். எதிராளி முதல் சுற்றிலேயே 'பேர்ட்ஸ் ஆஃப் பாரடைஸ்' என்ற பறவை அட்டையை இறக்கினால், கையிலுள்ள 'லைட்னிங் போல்ட்' என்ற 3 சேதம் தரும் மந்திர அட்டை அதற்குத்தான். 1993இல் வந்த முதல் தொகுப்பிலிருந்தே இரண்டும் இருக்கின்றன. தாக்கும் பலம் 0, தாங்கும் பலம் 1 மட்டுமே கொண்ட (0/1) பறவைக்கு 3 சேதமா என்று மனம் அடித்துக்கொள்ளும். தயங்கவே தயங்காதீர்கள்! அந்தப் பறவை எந்த நிறத்திலும் மானா, அதாவது அட்டைகளை இறக்கச் செலவிடும் சக்தி, தரும். விட்டுவைத்தால் இரண்டாம் சுற்றிலேயே மூன்று மானா செலவாகும் அட்டை வந்து நிற்கும். பறவையை நம்பி மானா தரும் நில அட்டைகள் இரண்டோடு மட்டும் தொடங்கியவராக இருந்தால், அது போனதும் கையில் அட்டைகள் இருந்தும் எதையும் இறக்க முடியாமல் திணறுவார். எட்டாம் சுற்றில் வரும் பறவை வேறு கதை. அப்போது அவரிடம் நிலங்கள் நிறைந்திருக்கும். போல்ட்டை உண்மையான தாக்குதலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.